ரோசியின் விறகு மூலை

தம்பி, வட்டகொடையில் உங்கள் ரயில் வளைவு திரும்பி மறைந்த பிறகும் நானும் உன் அப்பாவும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். பிறகு குறுக்குப் பாதையில் தேயிலைக்குள் ஏறி வீட்டுக்கு வந்தோம். உன்னை ரயிலேற்றிவிட்டு வரும் நாட்களில் அந்த ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கும். இந்த முறை வாங்கவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த உன் அப்பா திரும்பிப் பார்த்து, "என்னா, மேட்டுல ஏறுறியா எறங்குறியா? இந்த ஓட்டம் ஓடுற!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீபாவளியிலிருந்து எதையோ நெஞ்சுக்குள் அடக்கிக்கொண்டே கொழுந்து பறித்தவள், சமைத்தவள், தூங்கியவள் நான். அன்றைக்குத்தான் முழுதாக ஒரு மூச்சு விட்டேன்.

இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது. ரோசியின் பேச்சை எடுத்தாலே, "சரிம்மா, கடையில ஆளுங்க நிக்கிறாங்க" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். எழுதுவது உன் தங்கச்சி கீர்த்தி. நான் என் வாயில் வருகிறபடி சொல்கிறேன். அவள் அதைப் பாடப் புத்தகத்தில் இருப்பதுபோல் திருத்தி எழுதுகிறாள். இஸ்தோப்புத் திண்ணையில், வெளிச்சத்துக்காக வாசலை ஒட்டி உட்கார்ந்திருக்கிறோம். எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் அவள் சத்தமாக வாசித்துக் காட்டுவதால் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவும் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். நிற்கட்டும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. இந்த லயத்து வரிசை வீடுகளில் நாய் வளர்க்கிற எல்லாரும் கேட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான். (அண்ணா, இது கீர்த்தி. அம்மாவின் பேச்சை மட்டும்தான் திருத்துகிறேன், சொல்கிற விஷயத்தை மாற்றவில்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் இப்படி அடைப்புக்குறிக்குள் போடுகிறேன்.)

நானுஓயாவில் மரக்கறி லொறிகள் நிற்கிற இடத்தில், கோவா இலைக் குவியலுக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்த நாய்க்குட்டியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தவன் நீதான். "ஒரு ராத்திரிக்குத்தாம்மா" என்றாய். அந்த ஒரு ராத்திரி முடியவே இல்லை. சில மாதங்களில் நீ கொழும்புக்குப் போய்விட்டாய், அவள் எங்களோடு தங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவளுடைய உலகம் எவ்வளவு சின்னது என்று நாங்கள் யாருமே யோசித்ததில்லை. காலையில் நானும் அப்பாவும் பெரட்டுக்குப் போய், வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறிவிடுவோம். கீர்த்தி பள்ளிக்கூடம் போய்விடுவாள். பகல் முழுவதும் ரோசியும் மூடிய கதவும்தான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று பேரின் நடை, மூன்று பேரின் இருமல், மூன்று பேரின் செருப்பு. அப்படி வருஷம் முழுக்க இருக்கிறவளை ஒரு நாள் காலையில் எழுப்பி, இதோ ஊரே வருகிறது, நல்ல பிள்ளையாக இரு என்றால் எப்படி இருப்பாள்?

அந்த ஒரு நாள்தான் போன தீபாவளி. உங்கள் தலைத்தீபாவளி அதற்கு முந்தின வருஷம் நோட்டன் பிரிட்ஜில் தர்ஷினியின் அம்மா வீட்டில் முடிந்துவிட்டது. ஆகவே மருமகளாக அவள் நம் வீட்டில் கழித்த முதல் தீபாவளி அதுதான். அவளைப் பார்க்க வேண்டும் என்றே லயத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் வந்தார்கள். நானும் நல்லது செய்வதாக நினைத்து ரோசியை இஸ்தோப்புத் தூணில் சங்கிலியால் கட்டினேன். வருகிறவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும், உள்ளே வந்தவர்கள் அவளைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. ஒவ்வொருவரிடமும், "ஒன்னும் செய்யாது, வாங்க வாங்க" என்றேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம் லயத்தில் தீபாவளி என்றால் பலகாரத் தட்டுதான் உனக்குத் தெரியுமே. இந்த வீட்டுத் தட்டு அந்த வீட்டுக்கு, அந்த வீட்டுத் தட்டு இந்த வீட்டுக்கு. பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற பிள்ளைகள் ரோசிக்கும் ஒரு முறுக்கு, ஒரு அதிரசத் துண்டு என்று போட்டுக்கொண்டே போனார்கள். மத்தியானத்துக்குள், தட்டோடு யார் வந்தாலும் அதில் தனக்குப் பங்கு உண்டு என்று அவள் முடிவு கட்டியிருப்பாள். ஒரு பக்கம் பட்டாசு. இன்னொரு பக்கம் உன் பெரியப்பா மகன் போனை நீட்டிக்கொண்டு, "இங்க பாருங்க, ரோசிக்குக் கொட்டாவி வருது, ராத்திரி பூரா சீட்டு ஆடிருக்கும் போல!" என்று படம் பிடித்தான். நாங்களும் சிரித்தோம். அந்தப் படத்தைப் பிறகு நான் பலமுறை பார்த்தேன், தம்பி. அது தூக்கத்துக் கொட்டாவி இல்லை. காது இரண்டும் பின்னால் ஒட்டியிருக்கிறது. வால் காலுக்கிடையில். முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறாள். காலையிலிருந்து, தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில், என்னால் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் தர்ஷினி கையிலிருந்த தட்டிலிருந்து அதிரசம் ஒன்று உருண்டு விழுந்தது, அவள் குனிந்து எடுக்கப் போனாள்.

ரோசி கடிக்கவில்லை, பல் பட்டது அவ்வளவுதான் என்று உன் அப்பா இன்றும் சொல்வார். நான் சொல்லமாட்டேன். கடித்தாள். கட்டைவிரலில் இரத்தம் வந்தது. ரோசிக்குத் தடுப்பூசி போட்டிருந்தும், பண்டிகையும் அதுவுமாகப் புதுச் சேலையோடு அந்தப் பிள்ளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் நீ வாசலில் நின்று, "இந்த நாய் இந்த வீட்டுல இருக்குற வரைக்கும் நானும் வரமாட்டேன், அவளையும் கூட்டிட்டு வரமாட்டேன்" என்றாய். எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. பெண்டாட்டிக்காக வாசலில் நின்று பேசத் தெரிந்த பிள்ளையைத்தான் பெற்றிருக்கிறேன் என்று ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் மறுநாள் நீங்கள் போன பிறகு வீட்டைக் கூட்டும்போது பயம் வந்தது. உன் அப்பா லொறிக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்துவிட்டார்: பொங்கல் முடிந்ததும் வந்து நாயைக் கொண்டுபோகலாம் என்று. நான்தான் பொங்கல்வரை தவணை கேட்டேன். உனக்கும் போன் போட்டு, "ஒரே ஒரு தடவ வாங்கப்பா. சரிவரலன்னா நானே ரோசிய லொறியில ஏத்தி விடுறேன்" என்றேன். நீ, "அவகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாய். எனக்கு நீங்களும் வேண்டும், ரோசியும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் அந்த வாரங்கள் போயின.

முதலில் எல்லாரும் சொன்ன யோசனை சுலபமானது. விருந்தாளி வருகிற அன்று நாயைப் பின்னாலுள்ள மரக்கறித் தோட்டத்துக் கொட்டிலில் கட்டிவிட்டால் முடிந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மார்கழிக் குளிரில் கீழ் லயத்துப் பக்கம் சிறுத்தை வந்தது. ஒரு வீட்டில் கட்டிப் போட்டிருந்த நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. காலையில் நாங்கள் மலைக்குப் போகும்போது அந்தக் கம்பத்தில் சங்கிலி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. லெட்சுமி அக்கா சொன்னாள், "அவுத்து விட்டிருந்தாலாவது ஓடித் தப்பிச்சிருக்கும். கட்டி வச்சுல்ல குடுத்துட்டாங்க புலிக்கு." அதைக் கேட்டதிலிருந்து கொட்டில் யோசனையை விட்டேன். வெளியே வைக்க முடியாது. உள்ளே என்றால் நமக்கு இருப்பது ஒரு காம்பரா அறையும் அடுப்படியும் இந்த இஸ்தோப்பும். இதற்குள் கூட்டமும் இருக்க வேண்டும், நாயும் இருக்க வேண்டும்.

அப்போதுதான் அடுப்படியில் விறகு மூலை கண்ணில் பட்டது. தேயிலையில் கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சிக் கட்டுகளை அடுக்கி வைப்போமே, அந்தக் கட்டுகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் குந்தி உட்காரலாம். அடுப்புச் சூடு வரும்; வாசல் தெரியாது; முதுகுக்குச் சுவர் இருக்கும். அந்த மூலையை எனக்கு எப்படித் தெரியும் என்று உனக்குச் சொன்னதில்லை. கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த முதல் தீபாவளிக்கு நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வேறு தோட்டத்திலிருந்து வந்தவள், ஒரு முகமும் தெரியாது. வருகிறவர்கள் எல்லாரும் நாடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "கருப்புன்னாங்க, அவ்வளவு கருப்பு இல்லியே" என்று எனக்கே கேட்கும்படி பேசினார்கள். தண்ணீர் எடுக்கப் போவதுபோல் உள்ளே போய் விறகுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். தேடிக்கொண்டு வந்த உன் அப்பா, வெளியே வா என்று சொல்லவில்லை. ஒரு தேத்தண்ணியை ஊற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டு, வெளியே போய், "அவ அடுப்ப பாத்துக்கிட்டு இருக்கா" என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நேரத்தில் நானே எழுந்து வந்தேன். ஆக, அந்த மூலை முதலில் என்னுடையது. அதை ரோசிக்குக் கொடுத்தேன்.

கொடுத்தால் மட்டும் போதாது, அது தன்னுடையது என்று அவள் நம்ப வேண்டுமே. பழைய சாக்கை மடித்துப் போட்டோம். சாப்பாடு அங்கே. எலும்பு கிடைத்தால் அங்கே. அவள் அங்கே இருக்கும்போது யாரும் கூப்பிடக்கூடாது, தொடக்கூடாது, திட்டுவதற்கும் அங்கே போகக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். சட்டத்தை முதலில் மீறியது உன் அப்பா. "படுத்திருக்கிற அழக பாரு" என்று தலையைத் தடவப் போனார். கீர்த்தி அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சாயந்தரம் ஆனதும் ஒத்திகை. லெட்சுமி அக்காவின் பிள்ளைகளைக் கூப்பிட்டு வெறும் தட்டைக் கையில் கொடுத்து வாசலில் வந்து நிற்கச் சொல்வாள் கீர்த்தி. ரோசி குரைத்துக்கொண்டு பாய்ந்தால் பிள்ளைகள் பேசாமல் திரும்பிப் போய்விட வேண்டும். அவள் மூலைக்குப் போய் உட்கார்ந்தால் ஒரு சின்னக் கருவாட்டுத் துண்டு. முதலில் நாலு சத்தம், பிறகு இரண்டு, பிறகு வாசலில் தட்டைக் கண்டதும் தானாகவே எழுந்து மூலைக்குப் போய் எங்களைத் திரும்பிப் பார்ப்பாள், எங்கே என் கருவாடு என்று. பட்டாசுக்கும் ஒத்திகை உண்டு. உன் அப்பா தூரத்துத் தண்ணீர்ப் பீலியடியில் நின்று தகர மூடியைத் தட்டுவார். அவள் காதை மட்டும் அசைத்தால் அடுத்த நாள் கொஞ்சம் கிட்ட வந்து தட்டுவார். அவள் எழுந்துவிட்டால் மறுபடி தூரம். அவசரப்பட்டால் எல்லாம் முதலிலிருந்து. (அண்ணா, அப்பா தகர மூடியோடு நடந்து வருவதைப் பார்த்துக் கங்காணி தாத்தா, "வீட்டுல ஏதும் சண்டையா?" என்று கேட்டார்.)

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது பொங்கல் கிட்ட வந்துவிட்டது. வீடு கழுவ வாளியைத் தூக்கிய பிறகுதான் எனக்குப் புத்தியில் பட்டது: பொங்கல் அன்று வீட்டில் கருவாடு ஏது? சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்திருக்க, சூரியனுக்குப் படைத்த வீட்டில், நான் மடியில் கருவாட்டைக் கட்டிக்கொண்டு திரிய முடியுமா? இத்தனை வாரமும் கருவாட்டை நம்பியே அந்தப் பிள்ளையைப் பழக்கியிருக்கிறோம். பிறகு தேங்காய் ரொட்டிக்கு மாற்றினோம். முதல் நாள் ரொட்டித் துண்டை முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாளே ஒரு பார்வை! ஏமாற்றுக்காரி என்று சொல்லாததுதான் குறை. கருவாடு வைத்த டப்பாவுக்குள்ளேயே ரொட்டியையும் போட்டு வைத்து, கருவாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, போகிக்குள் வெறும் ரொட்டிக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

இன்னொரு தப்பும் நடந்தது. அதை உன்னிடம் சொல்ல வேண்டும். கீர்த்தி எங்கோ படித்திருக்கிறாள், நாய்க்கு ஆளைத் தெரிவது மூக்கால்தான், வருகிறவர் உடுத்திய துணி ஒன்றை முன்கூட்டியே படுக்கையில் போட்டு வைத்தால் பழகிக்கொள்ளும் என்று. அதனால்தான் தர்ஷினியின் பழைய துணி ஒன்றை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். வந்த பார்சலைப் பிரித்தால், நீல நிறச் சால்வை ஒன்று. துவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் குலையாமல், பூ வாசனையோடு இருக்கிறது. ரோசி அதை முகர்ந்துவிட்டுத் தும்மினாள். அந்தத் துணியில் தர்ஷினி இல்லவே இல்லை. ஆனால் அவளை நான் என்ன குறை சொல்ல? மாமியார் வீட்டுக்கு அழுக்குத் துணியை எந்த மருமகள் அனுப்புவாள்? நானாக இருந்தாலும் துவைத்துத்தான் அனுப்பியிருப்பேன். திரும்பக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அதை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டேன்.

பொங்கலன்று விடியும்போதே உன் அப்பா ரோசியைக் கூட்டிக்கொண்டு மேல் மலை வரை ஏறி இறங்கி, நாக்குத் தொங்கத் தொங்கக் கொண்டுவந்தார். களைத்த நாய்க்குக் கலவரம் பண்ணத் தோன்றாது என்பது அவருடைய கணக்கு. அது சரியாகத்தான் இருந்தது. அடுப்படி வாசலில் குறுக்கே ஒரு கயிறு கட்டினோம். கீர்த்தி ஒரு அட்டையில், "ரோசி ஓய்வெடுக்கிறாள். தயவுசெய்து அழைக்க வேண்டாம்" என்று எழுதித் தொங்கவிட்டாள். நீங்கள் வந்து சேர்ந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். எதையும் நம்பாத முகம். தர்ஷினி கையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ அந்த மூலையிலதான் இருக்கா. வெளிய வரமாட்டா. நீயும் அங்க போக வேணாம், அவளப் பாக்கவும் வேணாம். அது அவ எடம், இது ஒன் எடம்" என்று சொன்னேன். "சரி அத்தை" என்றாள், அவ்வளவுதான்.

பால் பொங்கியது. "பொங்கலோ பொங்கல்" என்று எல்லாரும் தட்டைத் தட்டினார்கள். வெளியே பட்டாசு. நான் அகப்பையைப் பிடித்துக்கொண்டே மூலையைத்தான் பார்த்தேன். காது எழுந்தது, விழுந்தது. ரொட்டித் துண்டைப் போட்டேன், தின்றாள். லயத்துப் பிள்ளைகள் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தார்கள். ஒத்திகை பார்த்த பிள்ளைகளாயிற்றே, கயிற்றுப் பக்கம் கண்ணை ஓட்டாமல் வைத்துவிட்டுப் போனார்கள். சின்னவர்கள் எல்லாரும் சரியாக இருந்தார்கள். தடுமாறியது பெரியவர் ஒருவர்தான். உன் மாமனார் நல்ல மனிதர், கலகலப்பானவர். அட்டையை உரக்க வாசித்துவிட்டு, "பெரிய தொரை பங்களாவுலகூட இப்படி போர்டு இல்லியேம்மா!" என்று சிரித்தார். பிறகு கையில் பொங்கலோடு எழுந்தார். "நாயின்னா எனக்கு உசுரு தங்கச்சி. எந்த நாயும் எங்கிட்ட வாலாட்டாமப் போனதில்ல. ஒரு வார்த்த பேசிட்டு வந்துர்றேன்."

"சாப்பிடுங்கண்ணே, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அவர் கேட்டபாடில்லை. கயிற்றைத் தூக்கிக் குனிந்துவிட்டார். தம்பி, சம்பந்தியை எப்படித் தடுப்பது? வேண்டாம் என்று சொன்னால் மரியாதைக் குறைவு. சொல்லாவிட்டால் இன்னொரு கடி. உன் அப்பா கூரைத் தகரத்தைப் பார்க்கிறார். நீ வாசலில் நிற்கிறாய், கையைக் கட்டிக்கொண்டு, இப்போது பார் என்பதுபோல். ரோசி எழுந்து நின்றுவிட்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். கொட்டாவி விட்டாள். அந்தத் தீபாவளிப் படத்தில் இருந்த அதே கொட்டாவி. லொறிக்காரரின் முகம்கூடக் கண்ணுக்குள் வந்து போனது.

"அப்பா!"

தர்ஷினிதான். அவள் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. "உள்ள போகாதீங்க. அது அவ எடம்."

"சும்மா ஒரு தடவு தடவிட்டு—"

"அவ ஒங்களக் கூப்பிட்டாளா? இல்லல்ல. வாங்க இங்கிட்டு, பொங்கல் ஆறுது."

அவர் கயிற்றை விட்டுவிட்டு, திட்டு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைபோல் வந்து உட்கார்ந்தார். "எல்லா நாயும் எங்கிட்ட வரும்..." என்று பொங்கலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். "வரட்டும்ப்பா. அவளா வரட்டும்" என்றாள் மகள். எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே ரோசி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு சாக்கில் படுத்தாள். நீ கட்டியிருந்த கையை அவிழ்த்ததை நான் பார்த்தேன்.

மிச்சத்தை நீயும் பார்த்தாய். கூட்டம் கரைந்து, உன் மாமனார் பாயில் குறட்டை விடத் தொடங்கிய பிறகு, ரோசி தானாகவே எழுந்து கயிற்றுக்கு அடியில் மூக்கை மட்டும் நீட்டினாள். தர்ஷினி கயிற்றுக்கு இந்தப் பக்கம் என்னோடு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை, பார்க்கவும் இல்லை, துடைப்பதை மட்டும் நிறுத்தினாள். அதே கட்டைவிரல். ரோசி அதை முகர்ந்தாள், சேலை ஓரத்தை முகர்ந்தாள், திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். நக்கவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. நான் ஆசைப்பட்டதும் அவ்வளவுதான். லொறிக்காரர் பேச்சை உன் அப்பா எடுத்தபோது, "இப்ப என்னாத்துக்குப்பா அது" என்றாய். தம்பி, அந்த வார்த்தைக்குத்தான் நான் மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறினேன்.

இவ்வளவு சொன்னவள் இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீயும் தர்ஷினியும் இனி எத்தனையோ வீடுகளுக்கு விருந்துக்குப் போவீர்கள். உனக்கு அவர்கள் பெரியப்பா, சித்தி. அவளுக்கு அவர்கள் நாடியைப் பிடித்துத் தூக்குகிற கைகள். கூட்டத்துக்குள் அவளை விட்டுவிட்டு நீ சீட்டாடப் போய்விடாதே. நடுவில் ஒரு தடவை அவள் முகத்தைத் திரும்பிப் பார். எந்த வீட்டிலும் ஒரு விறகு மூலை இருக்கும். அதை முதலில் கண்டுபிடித்து வை. அவள் உள்ளே ஒதுங்கினால் வெளியே இழுக்காதே. ஒரு தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்துவிடு, தானாக வருவாள். கீர்த்தி பேனாவை நிறுத்திவிட்டு, "அம்மா, அண்ணிய நாயோட ஒப்பிட்டு எழுதவா?" என்று கேட்கிறாள். "எழுது. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றேன். லெட்சுமி அக்கா கதவோரத்திலிருந்து, "என்னையும் போட்டுக்கடி" என்கிறாள்.

கடிதத்தை முடிக்கும் முன் சொல்ல இன்னொரு விஷயம் இருக்கிறது. நீங்கள் போன பிறகு பாயைச் சுருட்டும்போது, அடுப்படி வாசல் கயிற்றில் தர்ஷினியின் சால்வை கிடந்தது. முன்பு அனுப்பிய நீலம் இல்லை, ரயிலில் போர்த்திக்கொண்டு வந்தாளே அந்த மஞ்சள். மறந்துவிட்டாள், குளிரில் போயிருக்கிறாளே என்று எனக்கு மனது கேட்கவில்லை. துவைத்துத் தபாலில் அனுப்பலாம் என்று சவர்க்காரத்தையும் எடுத்துவிட்டேன். எதற்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அவளுக்குப் போன் போட்டேன். நீ கடையில் இருந்திருப்பாய், உனக்குத் தெரிந்திருக்காது.

"மறக்கல அத்தை" என்றாள். கொஞ்சம் வெட்கம் குரலில். "அன்னைக்கு நீங்க கேட்டப்ப எனக்கு வெளங்கல. தொவச்சு அனுப்பிட்டேன். கீர்த்திதான் சொன்னா. இது ரெண்டு நாளா போத்தினது. தொவச்சுராதீங்க."

வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். ரோசி இப்போது அந்த மஞ்சளின் மேல்தான் தலையை வைத்துத் தூங்குகிறாள். யாரும் அதை எடுத்து அலசிவிடக்கூடாது என்று உன் அப்பாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த தீபாவளிக்கு வரும்போது தர்ஷினியை வேறொன்று போர்த்திக்கொண்டு வரச் சொல். அதற்குள் இதில் அவளுடைய வாசனை போய், நம் வீட்டு வாசனையே வந்திருக்கும்.

அம்மா